நான்கு விரற்கடை தள்ளிக் கட்டச் சொன்னவருக்கு

மண்ணுக்கடியில் மாநகரத்துக்கு வழி சமைத்த மாண்பே! அளவுநாடா இல்லாமல் அடியெடுத்து வைக்காத அம்மையே! பதினாறு நிலையங்களிலும் பாய்ந்தோடும் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பேரறிவே! முப்பத்து மூன்று ஆண்டுப் பணி நிறைந்து இன்று விடைபெறும் எங்கள் பொறியாளர் அம்மா அவர்களுக்கு, வரைபடப் பிரிவினர் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

புதிய சுரங்கப் பாதைக்கு எந்த ரயிலை வாங்குவது என்ற கேள்வி வந்தபோது இரண்டு பெட்டிகள் போட்டியில் நின்றன. ஒன்று குட்டை, பக்கத்துக்கு மூன்று கதவு, பார்க்க வெகு லட்சணம். மற்றது நீளம், பக்கத்துக்கு ஐந்து கதவு, பார்த்தால் ரொட்டி டப்பா என்று நாங்களே கேலி பேசினோம். குழுவே லட்சணத்தின் பக்கம் சாய்ந்தபோது, தாங்கள் ஒருவர் மட்டும் அசையவில்லை. மரத்தால் இரண்டு மாதிரிப் பெட்டிகளைச் செய்யவைத்துக் கொட்டகையில் நிறுத்தினீர்கள். அலுவலகத்தில் ஒருவரையும் விடாமல் இழுத்து வந்து, ஆளுக்கொரு பையும் குடையும் கொடுத்து, ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லி, கையில் கடிகாரத்தோடு நின்றீர்கள். பதினேழாவது முறை இறங்கியபோது நாங்கள் தங்களைத் திட்டாத திட்டில்லை. முதுகுக்குப் பின்னால் ‘அங்குல அம்மா’ என்று பெயர் வைத்ததும் அன்றுதான். கூட்ட நேரத்தில் நிலையத்துக்கு ஒன்பது நொடி மிச்சம் என்று காட்டி, தன்னந்தனியாக வாதாடி, ரொட்டி டப்பாவையே வாங்க வைத்தீர்கள். இன்று இந்த ஊர் நேரத்துக்கு வேலைக்குப் போவது அந்த ஒன்பது நொடியால்தான்.

சுரங்கம் பாதி தோண்டிய ஆண்டில் தங்கள் கணவர் காலமானார். ஐந்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டீர்கள். வீட்டில் சத்தமே இல்லை, இங்கே இயந்திரச் சத்தமாவது இருக்கிறது என்று தேநீர் கொண்டுவந்த அம்மாளிடம் சொன்னீர்களாம். எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அருங்குணங்களை அடுக்கி, அடைமொழிகளைத் தொடுத்து, இதே நடையில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தோம். முந்தாநாள் அதில் மூன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டோம். விழாவுக்கு அழைக்கத் தங்கள் மகளுடன் தொலைபேசியில் பேசியபோது, அவர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“அம்மா ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டாங்கன்னுதானே அங்கிருந்து மாத்துனீங்க? அப்புறம் எதுக்கு விழா எடுக்கறீங்க?”

பெற்ற மகளே அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார் என்று அறிந்த பிறகு எங்கள் அடைமொழிகள் எங்களுக்கே கூசின. ஆகவே, நடந்ததை நடந்தபடி, இந்த அரங்கம் அறியச் சொல்லிவிடுகிறோம்.

பாதை திறக்க இரண்டு மாதம் இருக்கையில் முதல் ரயிலை ஓட்டிப் பார்த்தோம். ஒன்பதாவது நிலையம் வளைவில் இருக்கிறது. அங்கே பெட்டியின் நடுப்பகுதி நடைமேடையின் விளிம்பில் உரசி, புது வண்ணமெல்லாம் சுரண்டிக்கொண்டு நின்றது. விளிம்புக் கல்லை முழுக்க அறுத்துத் திருத்த எட்டு மாதம் ஆயிற்று. திறப்பு விழா தள்ளிப்போனது. குட்டைப் பெட்டி வாங்கியிருந்தால் இது வந்திருக்குமா என்று கேட்டார்கள். பழி தங்கள் தலையில் விழுந்தது.

விசாரணையில் தாங்கள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “வளைவுல பெட்டி உள்பக்கம் தள்ளும், மேடையை நாலு விரற்கடை தள்ளிக் கட்டுங்கன்னு வரைபடப் பிரிவுக்கு எழுதி அனுப்பினேன்.” நகல் எங்கே என்றார்கள். கொட்டகையில் நின்றபடி கையால் எழுதிக் கொடுத்தனுப்பியது, நகல் இல்லை என்றீர்கள். துண்டுச் சீட்டுக்கும் நகல் வைக்கிற தாங்கள், அந்த ஒரு முறை எங்களை நம்பிவிட்டீர்கள். அப்படியொரு கடிதம் வரவேயில்லை என்று நாங்கள் பதினொரு பேர் அறிக்கையில் கையெழுத்திட்டோம்.

அம்மா, கடிதம் வந்திருந்தது. முத்திரையிட்ட வரைபடம் இணைக்காமல் எந்தக் கடிதம் வந்தாலும் படிக்காமலே ‘பிறகு’ என்று எழுதிய கோப்பில் செருகிவைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். தாங்கள் படத்தைத் தனித்தாளில் போடாமல் கடிதத்தின் ஓரத்திலேயே வரைந்திருந்தீர்கள். அதனால் அதுவும் ‘பிறகு’க்குப் போயிற்று. கையெழுத்திட்டபோது எங்களுக்கு அது உண்மையிலேயே தெரியாது. தேடிப் பார்க்கவும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து அறை மாற்றும்போது அந்தக் கோப்பு கையில் கிடைத்தது. கடிதத்தை எங்களில் மூத்த வரைவாளர் வாய்விட்டுப் படித்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “ரயில்தான் ஓடுதே. பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது” என்றார் அவர். நாங்கள் தலையாட்டினோம். காதும் காதும் வைத்தாற்போல் கடிதம் மறுபடி கோப்புக்குள் போயிற்று. முதல் தவறு சோம்பல். இரண்டாவது தவறு நாங்கள் தெரிந்தே செய்தது.

அதற்குள் தங்களை உதிரிபாகக் கிடங்குக்கு அனுப்பியிருந்தார்கள். ஜன்னலில்லாத அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. எதிரில் உட்கார இன்னொரு நாற்காலி போடவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உணவறையில் தங்கள் மேசைக்கு மட்டும் யாரும் வருவதில்லை. கொஞ்ச நாளில் தாங்களும் வருவதில்லை. திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் வரவில்லை. அடுத்த வாரம் ஒன்பதாவது நிலையத்தில், கூட்டத்துக்கு நடுவே, தாங்கள் குனிந்து ரயிலுக்கும் மேடைக்கும் நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்ததை எங்கள் தட்டச்சர் பார்த்தார். நான்கு ரயில் வந்து போயிற்றாம். ஏறவில்லையா என்று காவலர் கேட்டதற்கு, “இல்லப்பா, சும்மா பாக்க வந்தேன்” என்றீர்களாம். அதை அவர் அன்றே எங்களிடம் வந்து சொன்னார். அதைக் கேட்டிருந்தும், பின்னால் கடிதம் கிடைத்தபோதும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, அம்மா.

இன்று காலை அந்தக் கடிதத்தையும் எங்கள் வாக்குமூலத்தையும் மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டோம். விசாரணைக் கோப்பு மீண்டும் திறக்கப்படும். எங்களுக்கு என்ன வந்தாலும் வரட்டும். தாங்கள் மன்னிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கோபப்படத் தங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்தக் கோபத்தைக்கூட இத்தனை ஆண்டுகள் தனியாகவே வைத்திருந்தீர்கள். பதில் உரை ஆற்றாமல் எழுந்து போக விரும்பினால் போகலாம். யாரும் தடுக்க மாட்டோம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே! உங்கள் அம்மா எழுதிய அளவு சரி. இன்று அந்த மேடை நிற்பதும் அந்த அளவில்தான். தப்புப் பண்ணியவர்கள் நாங்கள்.

நலமும் வளமும் நிறைந்து, நல்லுறக்கமும் நல்ல துணையும் வாய்த்து, தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று நெஞ்சார விழைகிறோம்.

இங்ஙனம்,
அன்று அறிக்கையில் கையெழுத்திட்ட பதினொருவரில்
இன்று இந்த மடலில் கையெழுத்திட ஒப்புக்கொண்ட ஏழு பேர்.