சோறு கொண்டுபோனவர்

மழை பெய்தால் எங்கள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் முதலில் நனைவது வரலாற்றுப் புத்தகங்கள்தான். நாவல்களையும் பரீட்சை நோட்ஸ்களையும் புத்தகக் கடைக்காரர்கள் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். சட்டமும் அரசியலும் கீழே கிடந்து ஊறும். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் சில பிரதிகளைக் காயப் போட்டிருக்கிறேன், கொஞ்சம் பார்த்துக் கால் நீட்டுங்கள்.

என் பெயர் நிருபம் சர்பாதிகாரி. இந்தப் பதிப்பகத்தின் பதிப்பாளர், ஆசிரியர் எல்லாம் நான்தான். அரசியல், சட்டம், வரலாறு இவற்றைச் சாதாரண வாசகர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் போடுவோம், வேறெதையும் தொடுவதில்லை. கவிதை கொண்டுவருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். கல்கத்தாவில் இந்த வகையில் எனக்கு ஆகும் டீச்செலவு கொஞ்சநஞ்சமல்ல.

நிதாய் பாக் எப்படி இறந்தார் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். செங்கல் சூளைக்குப் பின்னால் வாய்க்காலில் கிடந்ததாகப் பேப்பரில் படித்தேன். வயதானவர், வழுக்கி விழுந்திருப்பார் என்று உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்கிறார்கள். நீங்கள் அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. சந்தேகப்படுவதுதான் துப்பறியும் போலீஸான உங்களுக்கும் பதிப்பாளனான எனக்கும் தொழில், அதனால் நாம் சுலபமாகப் பேசிக்கொள்ளலாம்.

ஸ்ரபந்தி லாஹிரியை உங்களுக்குத் தெரியும், உங்களிடம் புகார் கொடுத்ததே அவள்தான். வக்கீல். சட்டத்தைக் கறிகாய் வாங்குகிறவருக்கும் விளங்குகிற மாதிரி எழுதுவாள். அவளுடைய எல்லாப் புத்தகங்களையும் நான்தான் போட்டேன், அண்ணா முறை வைத்து என்னை நிருபம்தா என்பாள். இந்தப் புத்தகம் போலீஸ் காவலில் நடக்கும் சாவுகளைப் பற்றியது. அதில் ஒரு அத்தியாயம் பினோத் மண்டல் என்ற சணல் ஆலைத் தொழிலாளியைப் பற்றியது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நதியா மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் லாக்கப்பில் லுங்கியால் தூக்குப் போட்டுக்கொண்டு செத்ததாகப் போலீஸ் கணக்கு முடித்த ஆள். அப்போது அந்த ஸ்டேஷனுக்குப் பொறுப்பதிகாரியாக இருந்தவர் கிரீந்திர சமாத்தார்.

அன்று பக்கத்தில் கிடந்த இன்னொரு கைதி என்று சொல்லி, மாற்றுப்பெயரில் ஒருவரைப் பேசவைத்திருந்தாள். அவர் சொன்னது இதுதான். அன்றிரவு பினோத்தால் கையைத் தூக்க முடியவில்லை, சோற்றை ஊட்டிவிட வேண்டியிருந்தது. கையைத் தூக்க முடியாதவன் லுங்கியைக் கம்பியில் எப்படிக் கட்டியிருப்பான்?

படித்தவுடன் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. முன்பு ஒருவர் சுதந்திரப் போராட்டம் பற்றி எழுதிக் கொடுத்தார். அதில் வந்த தியாகி பிறக்கவே இல்லை என்று புத்தகம் வந்த பிறகு தெரிந்தது. காபி ஹவுஸில் வெயிட்டர்கூட என்னைப் பார்த்து, "என்ன பாபு, இன்னிக்குத் தியாகிக்கும் சேர்த்து ரெண்டு காபியா?" என்றான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு வரியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் படிக்கிறேன்.

ஸ்ரபந்தியைக் கூப்பிட்டேன்.

"இவர் கைதி இல்லைம்மா. நனைஞ்ச கரி சரியா பத்தல, அன்னிக்குச் சோறு அரைவேக்காடாப் போச்சுங்கறார். லாக்கப்புல கிடந்தவனுக்கு அடுப்புல எந்தக் கரி எரிஞ்சதுன்னு எப்படித் தெரியும்? காதுல பூ சுத்தாதே."

"ஐயோ நிருபம்தா, உங்க கண்ணுல ஒண்ணும் தப்பாதா?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அவர் யாருன்னு தெரியக் கூடாதுன்னுதான் அப்படி மாத்தி எழுதினேன். கேக்காதீங்க."

"என்கிட்டயுமா? என்னைவிடக் கோர்ட் வாசல்ல டைப் அடிக்கிறவனை நம்புவே போலிருக்கே."

அவள் கையெழுத்துப் பிரதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு அது வலித்தது, மறைக்கவில்லை. ஆளையே இவள் கற்பனை செய்திருக்கிறாளோ என்ற நினைப்பும் அப்போதுதான் வலுத்தது. கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவர் அந்த ஸ்டேஷன்ல சமைச்சுப் போட்டவர். இன்னும் அதே ஊர்லதான் இருக்கார். சமாத்தாருக்குத் தெரிஞ்சா உயிரோட விடமாட்டாங்க. பேரு உங்களுக்கும் வேண்டாம். சமையல்காரர்ங்கறதை வெளியில மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன்.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர்மேல் குற்றம் சொல்லி அச்சடிப்பதற்கு முன்னால், அவர் தரப்பு என்ன என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும். நியாயமான வழக்கம். என்ன கேட்கலாம் என்பதை எங்கள் பதிப்பகத்தின் வக்கீல் பார்த்துச் சொல்வார். சொன்னவரைக் காட்டிக்கொடுக்கிற எதுவும் கேள்வியில் வரக் கூடாது. இந்தத் தடவை வக்கீலை நான் கேட்கவில்லை. சியால்டா ஸ்டேஷனில் ரயில் ஏறிச் சமாத்தாரின் ஊருக்கு நானே போனேன்.

சமாத்தார் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மலர்ந்த முகம். பொரியில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். ஊர்த் துர்கா பூஜைக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். வாசலில் பெரிய மகன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். சமாத்தாரின் செங்கல் சூளைகளைப் பார்த்துக்கொள்வது அவனும் அவன் தம்பியும்தான்.

"வாங்க மோஷாய், உக்காருங்க. கல்கத்தாக்காரங்க வெறும் வயித்தோட திரும்பிப் போனா எங்க ஊருக்கே கெட்ட பேரு. ஏய், சந்தேஷ் கொண்டா."

வந்த இனிப்பைச் சாப்பிட்டேன். பிறகு பினோத் பேச்சை எடுத்தேன்.

"அட, அவனா? அது எந்தக் காலத்துக் கதை. தொங்கினான், எரிச்சோம், கோர்ட்டும் எழுதி முடிச்சிடுச்சு. நீங்க என்ன, புத்தகம் போட்டு அவனை எழுப்பப் போறீங்களா?"

"ஒரே ஒரு சந்தேகம்தான். அன்னிக்கு ராத்திரி உள்ளே சோறு கொண்டுபோனது யாரு?"

பொரிக் கிண்ணத்தில் அவர் கை நின்றது. "ஏன் கேக்கறீங்க?"

"பினோத்துக்குச் சோறு ஊட்டிவிட வேண்டியிருந்ததுன்னு ஒரு பேச்சு. கையே வரலையாம்."

கிண்ணத்தை ஓரமாக வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நம்ம நிதாயா? தினம் சந்தையில எனக்குக் கும்பிடு போட்டுட்டுப் போறான் மோஷாய், பூனை மாதிரி." வாசல் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? நிதாய் கிழவனுக்கு ஞாபகசக்தி இன்னும் நல்லா இருக்காம்."

மகன் துணியை உதறிக் கம்பியில் போட்டான்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொன்னது சமாத்தார்தான். எனக்கு அதுவரை பெயரே தெரியாது. சமையல்காரர் என்ற சொல்லும் என் வாயில் வரவில்லை. நான் ஒரு கேள்விதான் கேட்டேன். இவ்வளவு பெரிய ஆபத்து வரும் என்று நினைக்கவில்லை. அவர் கை நின்ற விதத்தில் ஸ்ரபந்தி சொன்னது நிஜம் என்று பாதி புரிந்துவிட்டது. பாதிதான்.

திரும்பும் ரயிலில் போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஸ்ரபந்தியைக் கூப்பிட்டு, அந்த ஆளை ஊரைவிட்டுக் கிளப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசித்தேன். அவர் கிளம்பிவிட்டால் எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. பயந்து ஓடினாரா, பொய் சொல்லிவிட்டு ஓடினாரா, யார் கண்டார்? ஓடிப்போன சாட்சியும் இல்லாத சாட்சியும் ஒரு பதிப்பாளனுக்கு ஒன்றுதான். அதனால் காத்திருந்தேன். அந்த வாரம் முழுக்கப் பேப்பரை மாவட்டச் செய்திப் பக்கத்திலிருந்துதான் பிரித்தேன்.

செய்தி வந்த காலை எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, நிம்மதியாகவும் இருந்தது. யாரும் கற்பனை மனிதரைக் கொல்லமாட்டார்கள். அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, மத்தியானம் இலிஷ் மீன் சாப்பிட்டுத் தூங்கினேன். ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல தூக்கம்.

ஸ்ரபந்தி அடுத்த நாள் வந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உன்மேல எனக்கு இப்போ துளிகூடச் சந்தேகம் இல்லைம்மா. நீ எழுதினது அத்தனையும் உண்மை."

நான் அதை மனசாரப் பாராட்டாகத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை நல்லாயில்லை.

"நிதாயோட மனைவி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'பேரை மறைச்சுட்டேன்னு சொன்னியே தீதி'ன்னாங்க. நான் என்ன சொல்லட்டும் நிருபம்தா? எங்க ஆசிரியருக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, உங்க வீட்டுக்காரரைக் கொடுத்துத் தீர்த்துக்கிட்டார்னு சொல்லட்டுமா?"

"உணர்ச்சிவசப்படாதே. அந்த அம்மாவுக்கு ஏதாவது செய்யலாம். புத்தகத்துல இனிமே அவர் நிஜப் பேரையே போடலாம். மறைக்க வேண்டிய அவசியம் இல்லையே, அவருக்குக் கௌரவம்."

"சீ," என்றாள். அவ்வளவுதான். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டாள். அச்சு ஓடிக்கொண்டிருந்தது, எப்படிக் கொடுப்பது? அவள் இங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதுகிறவர்கள் அப்படித்தான், பெற்ற பிள்ளை மாதிரி சாட்சிகளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். ஒருவராவது நிதானமாக இருக்க வேண்டாமா? உண்மை நிரூபணமானது. சமாத்தார் வசமாக மாட்டினார். நான் அங்கே போயிருக்காவிட்டால் உங்களுக்கு இந்த வழக்கே கிடைத்திருக்காது.

எழுதியாகிவிட்டதா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் கேட்டேன், அவர்கள் செய்தார்கள், இதில் எந்த வரியையும் மறுக்கமாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதில் என் பெயர் மட்டும் வேண்டாம். வேறு ஏதாவது பெயர் போட்டுக்கொள்ளுங்கள். பதிப்பாளர் என்றும் எழுதாதீர்கள், அது ஒன்று போதும் அவர்கள் கண்டுபிடித்துவிட. சமாத்தாரின் பையன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சியால்டாவில் ரயில் ஏறும்போதே தெரியும்.