பதிலுக்குக் காத்திருக்கக் கற்பித்த ஆசிரியைக்கு

குருநகர்க் கடற்காற்றில் வளர்ந்து, குறுநாவல் மாந்தரின் குரலுக்குள் குடியிருக்கும் குணத்தைக் கூர்ந்து கேட்கக் கற்பித்த கோமகளே! ஆங்கிலத்தை அச்சமும் அகந்தையும் அண்டாமல் அள்ளி வழங்கிய அன்பின் உருவே! பெருமதிப்புக்குரிய திருமதி அற்புதராணி அடைக்கலநாதன் அவர்களே!

அடைமொழிகள் இன்னும் ஒரு பக்கம் இருந்தன. தமிழாசிரியர் பொன்னம்பலம் ஒரு வாரம் உழைத்து எழுதியவை. "பேருக்கு முன்னாலை இவ்வளவு சாமான் ஏத்தினால் ஆளைக் காணேலாது, மாஸ்டர்" என்று முன்னொரு பிரியாவிடையில் தாங்கள் சொன்னது நினைவுக்கு வர, மனம் நொந்து அவரே வெட்டினார். 'கோமகளே' என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார்.

இடம்பெயர்ந்த நாட்களில் மரநிழலிலும், மீண்டு வந்தபின் கூரையற்ற மண்டபத்திலும் தளராது கற்பித்த தங்கள் பணியைப் பலரும் பேசுவர். நாங்கள் ஒரே ஒரு பாடவேளையைச் சொல்கிறோம். எங்கள் பாடசாலை அதிபர் தியாகராசா அவர்களே எங்களுக்குச் சொன்ன கதை இது. அவர் சம்மதத்துடனேயே இங்கு வாசிக்கப்படுகிறது.

உயர்தரப் பரீட்சைக்கான ஆங்கில இலக்கிய வகுப்பில் ஓர் ஆண்டு ஐந்தே பிள்ளைகள். வகுப்பை மூடிவிட அதிபர் முடிவெடுத்திருந்தார். அதை அறிவிக்க அவர் வாசலுக்கு வந்தபோது, விக்ரோறியா மகாராணியார் காலத்துக் குறுநாவல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் ஓர் ஆலை முதலாளி. தொழிலாளரைக் காணும்போதெல்லாம் "எல்லோரும் நலந்தானே?" என்று விசாரிப்பவன். அவன் கருணைமிக்கவன் என்று பிள்ளைகள் அனைவரும் எழுதியிருந்தார்கள்.

"கேட்டது சரி. கேட்டுப்போட்டு என்ன செய்யிறான் எண்டு அடுத்த வரியைப் பாருங்கோ" என்றீர்கள் தாங்கள்.

அடுத்த வரியில் முதலாளி தொப்பியை எடுத்து அணிகிறான். புரட்டிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கேள்வி முடியுமுன்னே தொப்பி தலையில் ஏறிவிடுகிறது. பதில் சொல்ல வாய் திறந்தவர்கள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இது எதுவும் அறியாத அதிபர் உள்ளே வந்தார். தொண்டையைச் செருமினார். "அடுத்த தவணையோடை இந்த வகுப்பை நிப்பாட்டுறம். வேறை பாடம் எடுக்கலாம். உங்களுக்கும் சம்மதந்தானே, பிள்ளையள்?" என்றார், என்றவாறே வாசலுக்குத் திரும்பினார்.

"தொப்பி போட்டாச்சு" என்றான் சுபாங்கன், மெதுவாக என்று நினைத்துக்கொண்டு. வகுப்பு குலுங்கியது.

அதிபரின் கை தானாகவே தம் வழுக்கையைத் தடவிப் பார்த்தது. அங்கே எதுவும் இல்லை. அவமானமா, வேடிக்கையா என்று அவருக்கே விளங்கவில்லை. "என்ன தொப்பி?" என்றார். அதிபர் கதிரையில் அமர்ந்த நாள்முதல், கேட்டுவிட்டுப் பதிலுக்காக அவர் நின்ற முதற்கேள்வி அதுதான்.

தாங்கள் ஒரு சொல்லில் பிள்ளைகளை அடக்கியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டுத் தப்பியிருக்கலாம். வகுப்பின் தலைவிதியே அதிபர் கையில் இருந்தது. தாங்களோ அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "சொல்லும் ஜெசிதா, சேர் கேக்கிறார்" என்றீர்கள்.

ஜெசிதா எழுந்தாள். "கோவிக்கப்படாது, சேர்" என்று தொடங்கி, முதலாளியின் வரிகளை ஒவ்வொன்றாக வாசித்து விளக்கினாள். அதிபர் கதிரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒருமுறை சிரித்தார். அடுத்த வரியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அவள் முடித்ததும், "அப்ப உங்களுக்குச் சம்மதமில்லையோ?" என்றார். இம்முறை எழும்பவில்லை.

"இல்லை, சேர்" என்றார்கள் ஐந்து பேரும்.

வகுப்பு மூடப்படவில்லை. ஆனால் அதன் பின்விளைவை அனுபவிப்பவர்கள் நாங்கள். தேநீர் ஆறுமுன் முடிந்த ஆசிரியர் கூட்டம் இப்போது பின்னேரம் வரை நீள்கிறது. அதிபர் கேட்கிறார், காத்திருக்கிறார். கருத்தே இல்லாதவர்களும் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பழி முழுவதும் தங்களையே சாரும்.

சென்ற வாரமும் கேட்டார்: "ரீச்சருக்குப் பிறகு அந்த வகுப்பை ஆர் எடுக்கிறது?" நாங்கள் அனைவரும் மின்விசிறியை ஆராய்ந்தோம். அவர் அசையவில்லை. கடைசியில் இளைய ஆசிரியை றஜிதா கையை உயர்த்தினார். "நான் எடுக்கிறன், சேர். ஆனால் எனக்குப் பயமாக் கிடக்கு. முதல் தவணை ரீச்சர் வகுப்பின்ரை கடைசி வாங்கிலை வந்து இருக்கோணும்."

நோயணுகா உடலும் நகைச்சுவை நீங்கா நாவும் பெற்று, பேரப்பிள்ளைகளின் பேச்சையும் பிழைபிடித்துப் பல்லாண்டு வாழ்க, அம்மையே! பொன்னாடையைப் பெற்றுக்கொண்டு இளைப்பாறுங்கள். திங்கட்கிழமை காலை வரை.

அன்பில் அகலாத,
ஆசிரியர் குழாம்