இடது பக்கத்து மதமதப்பு

— ...அதில்லட்டி, டாக்டர் உள்ள கூப்பிட்டு, என்ன செய்யுதுன்னு கேட்டா என்ன சொல்லுவ?

— இடது கை மதமதன்னு இருக்கு, இடது காலும் அப்படித்தான்னு சொல்லுவேன்.

— அம்புட்டுதானா?

— பின்ன, வில்லுப்பாட்டா படிக்கச் சொல்லுதிய? பெஞ்சுல எவ்வளவு கூட்டம்னு பாத்தியளா?

— கூட்டம் கெடக்கட்டும். வெவரமாச் சொன்னாத்தான அவரு கண்டுபிடிப்பாரு?

— அப்பம் நீங்க சொல்லிக் குடுங்க.

— நானா? ஒனக்குல்லா மரத்திருக்கு!

— புருசன்னு கூடவே இருக்கிய. ரெண்டு வார்த்த எடுத்துக் குடுக்கப்பிடாதா?

— சரி, கேளு. மேல துணி சுத்துன மாதிரி இருக்கும். தொட்டா, தொட்டது தெரியும். என்னத்தத் தொட்டோம்னு தெரியாது. டீ கிளாஸப் பிடிச்சா சூடா, பச்சத் தண்ணியான்னு பிடிபடாது. அப்படித்தான?

— ம்... அப்படித்தான்.

— என்ன 'ம்'முன்னு இழுக்க?

— இல்ல, எனக்கு இம்புட்டு அழகாச் சொல்ல வராது. அசந்துபோயி பாக்கேன்.

— இதுல என்ன அசந்துபோறதுக்கு...

— நம்மகிட்ட இட்லி வாங்குத மாட்டுங்கா விசாலாக்ஷி மாமி சொல்லும்லா, சுயம்பு இட்லி மட்டுமா விக்கான், வாயையும்லா விக்கான்னு.

— மாமி கெடக்கு. சுயம்பு இட்லின்னு பேரு எனக்கு, கை ஒன்னோடது. மழைக்காலத்துல தாராவியில அம்புட்டு வீட்டு மாவும் பொங்காம மக்கர் பண்ணும். நீ போர்வையச் சுத்தி, தொட்டில் பிள்ளையப் பாக்கது மாதிரி பாத்து, விடியக்குள்ள பொங்க வச்சிருவியே. அத எவளாவது செய்வாளா?

— ஐஸ் வைக்காதிய.

— உள்ளதச் சொன்னா ஐஸா?

— அப்பம் நானும் உள்ளதச் சொல்லுதேன். தலையில சும்மாடு, அதுக்கு மேல அம்மாம்பெரிய டோப்புப் பாத்திரம் நெறைய இட்லி. வலது கையில டோப்பப் பிடிச்சிக்கிட்டு, இடது கையில பாம்பாம்னு ஹார்ன அமுக்கிக்கிட்டு, அந்தக் கூட்டத்துல ஒரு சொட்டு சாம்பாரு சிந்தாமப் போவியள்லா... கல்யாணமாயி வந்த புதுசுல, முக்கு திரும்புத வரைக்கும் கதவோரமா நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்.

— என்னையா?

— பின்ன, ஹார்னையா?

— இத்தன வருசமா இத நீ சொல்லவே இல்லையே...

— சொன்னா தலக்கனம் வந்திரும். அதுக்கு மேல டோப்பு எங்க நிக்கும்?

— போட்டி இவளே!

— சத்தமாச் சிரிக்காதிய, அந்த சிஸ்டரு மொறைக்காவ.

— சரி... இந்த மரப்பு எதனால வருதாம்? நம்ம பக்கத்து வீட்டு நுஸ்ரத்து இந்த ஆஸ்பத்திரியிலதான வேல பாக்கா. அவகிட்ட கேட்டேன்னியே.

— ஒண்ணில்ல, நெறைய காரணம் இருக்காம். சுகர் இருந்தா நரம்பு மரக்குமாம். ரத்தத்துல ஏதோ ஒரு சத்து கொறஞ்சாலும் மரக்குமாம்.

— அது அநேகமா ரெண்டு காலும்லா மரக்கும்? ஒரு பக்கம் மட்டும்னா?

— அடேயப்பா, எல்லாம் படிச்சு வச்சிருக்கிய!

— மொபைல்ல ஒரு டாக்டரு பேசுனாரு. ஒனக்காகத்தான் கேட்டேன்.

— எனக்காக...

— ஆமா. மேல சொல்லு.

— ஒரு பக்கம் மட்டும்னா, கழுத்துல எலும்பு தேஞ்சு நரம்ப நெரிச்சாலும் வருமாம். தலைச்சுமை தூக்குதவங்களுக்கு அது கூடவாம்.

— நீ எங்க தலையில தூக்குத?

— நான் பொதுவாச் சொல்லுதேன். வாயுப் பிடிப்புன்னு நெனச்சு, கோடாலித் தைலத்தத் தேச்சு நாளக் கடத்துனா நரம்பே கெட்டுப்போயிருமாம்.

— யாரு தைலம் தேச்சா?

— பொதுவாச் சொல்லுதேன்னேன்லா. பெறகு... மூளையில ரத்தம் அடைச்சாலும் வருமாம்.

— அதுன்னா திடீர்னுலா வரும்? வாயி கோணும், நாக்கு குழறும்...

— அப்படி வந்தா ஒரு நிமிசம் கூட நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திரணுமாம். வந்துட்டு தன்னால சரியாப் போனாலும் சும்மா இருக்கப்பிடாதாம்.

— இது அப்படி இல்லையே. பைய பையத்தான வந்திச்சு? மொதல்ல சுண்டுவிரலு, பெறகு கை, அப்புறம் காலு.

— நான் சுண்டுவிரல்னு சொன்னேனா?

— சொன்னியே... நேத்து.

— சரி, சொல்லியிருப்பேன்.

— அந்தச் செருப்பையும் சொல்லிரு, மறந்திராத.

— எந்தச் செருப்ப?

— நடக்கயில இடது செருப்பு கழண்டு பின்னால கெடக்கும். நாம பாட்டுக்கு வெறுங்காலோட போயிக்கிட்டே இருப்போம். பின்னால வாரவன் 'ஏ பாய், சப்பல்!'னு கூப்பிட்டாத்தான் தெரியும்.

— பொம்பளை என்னைய எவன் பாய்னு கூப்பிடுவான்?

— ...அக்கான்னு, தீதின்னு கூப்பிடுவான். ஒரு பேச்சுக்குச் சொன்னா, அதப் பிடிச்சிக்கிடுத!

— சரி, சரி. கோவப்படாதிய. நான் ஒண்ணு கேக்கணும். மாமி போன் பண்ணிச்சு.

— சட்னியில உப்பு கூடிட்டா?

— ஹார்ன் சத்தமே காணுமாம். சுயம்பு வந்ததும் தெரியல, போனதும் தெரியலன்னு வருத்தப்பட்டுச்சு.

— ரப்பரு கிழிஞ்சிட்டு.

— நான் அமுக்கிப் பாத்தேன். தெருவே திரும்பிப் பாத்திச்சு.

— ...வெயிலு. அமுக்க அலுப்பா இருந்திச்சு, விட்டுட்டேன்.

— அலுப்பா? ஒங்களுக்கா? காய்ச்சலோட முழங்கால் தண்ணியில இட்லி கொண்டு போனவரு நீங்க.

— அது அந்தக் காலம். ஏட்டி மாரி... ஒனக்கு ஒண்ணுன்னா பயப்படாத. வச்சுத் தாங்குவேன். மாவ நானே ஆட்டுதேன், ஒனக்கு தல சீவி விடுதேன், கஞ்சி ஊத்துதேன்.

— செய்விய. அது எனக்குத் தெரியும். இதே ஒங்களுக்கு வந்தா?

— எனக்கு எதுக்கு வருது?

— ஒரு பேச்சுக்கு.

— எனக்கு வந்தா... நீ மாவ ஆட்டுவியா, டோப்பத் தலையில தூக்குவியா, என்னையத் தூக்குவியா? நான் படுத்திட்டா ஒம் பாடு என்னத்துக்கு ஆவும்? அத நெனச்சாத்தான் ராத்திரி ஒறக்கமே...

— ராத்திரி ஒறக்கமே?

— ஒண்ணுமில்ல. பேச்சுக்குத்தான சொல்லுதோம்.

— கேட்டுக்கிடுங்க. மூணையும் செய்வேன். ஆனா தூக்குத நெலமைக்கு விடமாட்டேன். என்ன ஏதுன்னு தெரிஞ்சிட்டா பாதி பயம் போயிரும். தெரியாம மூடி வைக்கதுதான் ஆள முழுங்கும்.

— நீ தைரியக்காரி, மாரி. எனக்கு ஒங்கிட்ட பிடிச்சதே அதுதான். நம்ம கல்லித் தெருவுல ஒருத்தருக்கும் இந்தத் துணிச்சல் கெடையாது. எனக்கும் கெடையாது.

— சுயம்பு! சுயம்பு கோன் ஹை? அந்தர் சலோ, ஜல்தி!

— ...என்னட்டி, சிஸ்டரு எம் பேரச் சொல்லி உள்ள வரச் சொல்லுதாவ?

— ஒங்க பேருலதான் சீட்டு எடுத்தேன். எனக்கு கையும் மரக்கல, காலும் மரக்கல. சூட்டுச் சாம்பாரு ஒங்க இடது கையில வழிஞ்சும் நீங்க பாட்டுக்கு நின்னிய பாருங்க, அன்னைக்கே எனக்கு வெளங்கிட்டு. கூப்பிட்டா வரமாட்டிய. எனக்குன்னா ஓடி வருவியன்னு தெரியும். அதான் பொய் சொல்லிக் கூட்டியாந்தேன். வையணும்னா வீட்டுல போயி வையுங்க. இப்பம் எந்திரிங்க, சிஸ்டரு நிக்காவ.

— ஒனக்கு ஒண்ணுமில்லன்னு எனக்கும் தெரியும், பிள்ள. நேத்து கொதிக்குத இட்லிக் கொப்பரை மூடிய இடது கையால தொட்டுட்டு 'அய்யோ'ன்னு இழுத்தியே, அப்பமே தெரியும். ஒஞ் சாக்குல எனக்கு உள்ளதக் கேட்டுக்கிடலாம்னுதான் வாயத் தொறக்காம வந்தேன்... சரி, கையக் குடு, போவோம். இதப் பிடிக்காதட்டி, வலது கையப் பிடி. இதுல நீ பிடிக்கதே எனக்குத் தெரிய மாட்டேங்கு.