மூன்றாவது வளைவுச் சேறு

— அந்தச் சுரண்டியைக் கீழ வை, பிரெண்ட்.

— மார்லீஸ், பந்தயத்தோட இறுதி ஓட்டத்துக்குக் கூப்பிடப் போறாங்க. காரோட நாலு வீல்லயும் சேறு அப்படியே இருக்கு.

— இருக்கட்டும். அது வெறும் சேறு இல்ல. மத்தியானம் நான் டப்பாவைத் தூக்கிட்டு மூணாவது வளைவுல நடந்தப்போ நீ எங்க இருந்த?

— உங்க பின்னாலதான் வந்தேன், தொப்பியைக் கழட்டிக்கிட்டு.

— அப்புறமும் கேக்குறியே. என் புருஷன் சாம்பலைத் தூவினேன். மேல தண்ணி தெளிக்கிற லாரி போச்சு. அதுக்கு மேல நீங்க எல்லாரும் வண்டியை மெதுவா உருட்டி மண் தடத்தை இறுக்கினீங்க. முதல் சுற்றும் ஓடிட்டு வந்திருக்க. இப்ப இந்த வண்டியில ஒட்டியிருக்கிறது என் வெர்லின். அவரைத் தகட்டை வச்சுச் சுரண்டிக் கீழ தள்ள நான் விடமாட்டேன்.

— தடத்துல தூவச் சொன்னது அவருதானே.

— தூவச் சொன்னாரு. சுரண்டச் சொல்லல.

— எனக்கு மட்டும் ஆசையா? இந்த வலது பின்சக்கரத்தைப் பாருங்க, உள்ள ஒரு பக்கமா கனமா அடைச்சிருக்கு. வேகம் எடுத்தா ஸ்டியரிங் கையை உதறும். நான் மூணாவதாக் கிளம்புறேன், ஜெயிக்கக்கூடிய இடம். இது அவர் கடைசியாச் செஞ்ச வண்டி, மார்லீஸ். ஜெயிச்சே ஆகணும். மூக்குல ஆக்சிஜன் குழாயை வச்சுக்கிட்டுச் செஞ்சது.

— குழாயைக் கழட்டிட்டுத்தான் வெல்டிங் வைப்பாரு, அந்த மட்டுக்கும் புத்தி இருந்துச்சு. உள்ள வந்து படுங்கன்னு கத்துவேன். "ஒரே ஒரு மூட்டுதான், மார்லீஸ்"ம்பாரு. ஒரே ஒரு மூட்டு, ஒரே ஒரு மூட்டுன்னு குளிர்காலமே முடிஞ்சுது. அவரும் முடிஞ்சாரு.

— வண்டி ஓடுறதை ஒரு தடவை பாத்திருக்கலாம்.

— குடுத்து வைக்கல.

— என்கிட்ட அவர் கோவிச்சுக்கிட்டதெல்லாம் சேத்துக்காகத்தான். ஒரு தடவை வண்டியை உருட்டித் தலைகீழாப் போட்டேன். கோவிக்கவே இல்ல. "உனக்கு ஒண்ணும் ஆகலையே, இரும்பு வளைஞ்சா நிமித்திக்கலாம்"னாரு. சேத்தோட கிளம்பினதுக்கு மட்டும் வீடு போற வரைக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.

— வீட்டுக்கு வந்து என்கிட்டயும் பேசல. நான் என்னடா பண்ணேன்?

— சமைச்சீங்களே.

— சமைச்சேன், அதுவும் இடம் கிடைச்சப்போ. என் அடுப்புக்குள்ள கார் சக்கரத்துப் பேரிங்கைச் சூடு பண்ணுவாரு. மேல் தட்டுல இறைச்சி, கீழ் தட்டுல பேரிங். எதை முதல்ல எடுக்கட்டும்னு கேட்டா, இறைச்சி கருகினா தின்னுடலாம்பாரு. எங்க கல்யாணமே செவ்வாய்க்கிழமை, தெரியுமா? சனிக்கிழமை வச்சுக்கலாமேன்னு எங்கப்பா சொன்னதுக்கு, சனிக்கிழமை ஓட்டம் இருக்கேன்னாரு. எங்கப்பா உடனே சரின்னுட்டாரு. அவரும் ஓட்டம் பாக்கிறவருதான்.

— நான் பாத்ததுல அந்த மாதிரிக் கை இல்ல. தடத்துக் களிமண்ணைக் கிள்ளி விரல்ல உருட்டுவாரு. பாதி ஓட்டத்துல உள்பக்கம் காஞ்சிரும், நீ வெளிப்பக்கம் போயிருன்னு சொல்லுவாரு. போவேன். காஞ்சிருக்கும். இந்த அயோவாவுல எத்தனை பேர் லேப்டாப்பை வச்சுக்கிட்டும் அது தெரியாம முழிக்கிறாங்க.

— அந்தக் கையைத்தான் ஒரு டப்பாவுல போட்டுக் கொடுத்தாங்க. அதனாலதான் சொல்றேன், பிரெண்ட். தூவுறப்போ தைரியமாத்தான் இருந்தேன். இப்ப முடியல. இன்னிக்கு மட்டும் இந்த வண்டியோட இருக்கட்டும். தோத்தா தோத்துட்டுப் போறோம்.

— சரி. உங்களை அழவச்சு எனக்கு ஒரு கோப்பை வேண்டாம். வச்சுட்டேன், பாருங்க.

— மார்லீஸ், நான்தான், லைல். வரலாமா?

— வா லைல். முதல் ஆளாக் கிளம்புறவனுக்கு இங்க என்ன வேலை? போய் உன் வண்டியைச் சுரண்டு.

— அதைச் சொல்லத்தான் வந்தேன். சுரண்டல. நான் மட்டும் இல்ல, இந்த வரிசையில ஒருத்தரும் சேத்தைத் தொடல. பேசிவச்சுச் செய்யல. தகட்டைக் கையில எடுத்தோம், மனசு வரல.

— எல்லாருமா?

— எல்லாரும். போன கோடையில என் பின் அச்சு முறிஞ்சப்போ உங்க மாத்து அச்சைக் கொண்டாந்து அவரே மாட்டிவிட்டாரு. அதை வச்சு உங்களையே ஜெயிச்சேன். இந்த வரிசையில இப்படி ஒரு கதை இல்லாதவன் கிடையாது. ஒரு ஓட்டம் அவரைச் சுமந்துக்கிட்டு ஓடினா என்ன குறைஞ்சிரும்? சரி, என் காரைத் தள்ளிக் கிளப்புற வண்டி வந்துருச்சு. வர்றேன்.

— பாத்தீங்களா மார்லீஸ், நீங்க சொன்னதுதான் சரி. எனக்குத்தான் உறைக்கல. என்ன, சிரிக்கிறீங்களா, அழுறீங்களா?

— லைல் போயிட்டானா பாரு.

— போயிட்டான்.

— சுரண்டியை எடு.

— இப்பத்தானே வேண்டாம்னீங்க! அவங்க எல்லாம் அவரைச் சுமந்துக்கிட்டு வரப்போ நாம மட்டும் லேசாப் போறது நியாயமா?

— இந்த வண்டியிலயே ஒட்டிக்கிட்டிருந்தா, இது ஓடுற அழகை அந்த மனுஷன் எப்படிடா பாப்பாரு? லைல் வண்டியில உக்காந்து பின்னாலேர்ந்து பாக்கட்டும். சுரண்டு, ஒரு துளி விடாம.