மடியில் இருந்த ஃபியூஸ் கட்டை

தலையைக் குனிந்து வாருங்கள், சார். அது துணி காயப்போடும் கம்பி இல்லை, ஏரியல். பால்காரம்மா இரண்டு தடவை நெற்றியில் வாங்கிக்கொண்டு என்னைத் திட்டியிருக்கிறாள். அந்த நாற்காலியில் உட்காருங்கள், அதுதான் ஆடாது. காப்பி நானே போட்டது. சிக்கரி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறந்துபோன ஒருவரின் அழைப்புக்குறியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் யார் வயர்லெஸ்ஸில் பேசுகிறார்கள் என்று கேட்டு மெட்ராஸ் வயர்லெஸ் ஆபீசிலிருந்து வந்திருக்கிறீர்கள். திசை பார்க்கும் கருவியை வைத்துக் கோடு போட்டதில் அது மன்னார்புரத்தில், என் வீட்டில் வந்து முடிகிறது என்கிறீர்கள். கோடு சரிதான். பேசுவது நான்தான். ஆனால் அது பாதி பதில். மீதியையும் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தைரியராஜ். ரயில்வேயில் தந்தி அடிக்கிற உத்தியோகம். இந்த வண்டி கிளம்பியது, அந்த வண்டி லேட் என்று நாள் முழுக்க அடிப்பேன். மறுமுனையில் இருப்பவரும் மனிதர்தான். சாப்பிட்டாயா என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்த அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அமெச்சூர் லைசென்ஸ் வாங்கினேன். சொந்தமாக வயர்லெஸ் செட் வைத்து முன்பின் தெரியாதவர்களோடு பேசலாம் என்று சர்க்காரே ஆளுக்கு ஓர் அழைப்புக்குறியைப் பெயர் மாதிரி வைத்து அனுமதி கொடுக்கிறது என்றால் விடுவேனா.

எனக்கு வாய்த்தது சடகோபன் ஒருவன்தான். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாராவது இருக்கிறீர்களா என்று மோர்ஸில் பொதுவாகக் கூப்பிட்டேன். பதில் காதைப் பிய்க்கிற மாதிரி வந்தது. எந்த ஊர் என்று கேட்டால் ஸ்ரீரங்கம். காவேரிக்கு இக்கரையில் நான், அக்கரையில் அவன். இரண்டு பேரும் சிரித்தோம். மோர்ஸில் சிரிப்பதற்கு ஒரு வழி உண்டு, நாலு புள்ளி, பிறகு ரெண்டு புள்ளி. அன்றிலிருந்து ஞாயிறு காலை என்றால் நாங்கள் இருவரும்தான். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, அவன் மாமனாருக்கு உடம்பு எப்படி, செட்டுக்கு எந்த வால்வு எங்கே கிடைக்கிறது, இப்படித்தான் பேச்சு போகும்.

அவன், இவன் என்று சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். நேரில் பார்த்தால் நான் 'வாங்க, சொல்லுங்க' என்றுதான் பேசுவேன். அவன் 'ஓய்' என்பான், 'நீர்' என்பான். மோர்ஸில் அதெல்லாம் கிடையாது. நீ, நீர், நீங்கள், தேவரீர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'யு' என்று ஒரே எழுத்து. ரெண்டு புள்ளி, ஒரு கோடு. வாரத்தில் ஒரு காலைப்பொழுது நான் அவனுக்கு 'யு', அவன் எனக்கு 'யு'. அது போதும் என்றுதான் இருந்தேன்.

அறுபத்து நாலு தை மாதம் அவன் புது ஏரியல் கட்ட ஆரம்பித்தான். மூங்கிலைப் பெருக்கல் குறி மாதிரி கட்டி, அதைச் சுற்றிச் செம்புக் கம்பி ஓட்டி, அப்படி இரண்டு சட்டங்களை ஒன்றின் பின் ஒன்றாக, மாடியின் கொல்லைப்பக்க ஓரத்தில் நட்ட சவுக்குக் கம்பத்தின் உச்சியில் நிறுத்துவது. கீழே கயிற்றை இழுத்தால் மேலே திரும்பும். எங்கள் பழைய ஒற்றைக் கம்பி எல்லாத் திசையிலும் பேசும். இதற்கு முகம் உண்டு, முதுகும் உண்டு. முகம் காட்டுகிற திசையில் உலகத்தின் கோடி வரைக்கும் போகும், மற்றப் பக்கங்களில் அதற்குக் காது மந்தம்.

சனிக்கிழமை முழுக்க அவன் வீட்டு மாடியில் வேலை. அவன் மூங்கிலைத் துளைத்தான், நான் கட்டினேன். வீதியில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "என்ன ஸ்வாமி, உத்ஸவத்துக்குச் சப்பரம் கட்டறேளா?" என்று கேலி செய்தார்கள்.

"ஆமாம், பெருமாளை ஜப்பானுக்கு ஏளப்பண்ணப் போறேன்" என்றான்.

நான் மூங்கிலைப் பிடித்தபடி விழுந்து விழுந்து சிரித்தேன். மத்தியானம் வரை அது நல்ல நாள்.

மத்தியானம் கம்பி போதவில்லை. செம்பு கிடைக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். அவன் யோசிக்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பேசுகிற பழைய கம்பியை இறக்கி, அளந்து, வெட்ட ஆரம்பித்துவிட்டான். மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை நாம பேசறதுங்க?" என்று கேட்டேன்.

"இனிமே அது எதுக்கு ஓய்? ஆத்துக்கு அந்தண்டை இருக்கறவரோட யாராவது ஆகாசத்துல பேசுவாளா? ஒரு நாள் பஸ் ஏறி வாருமே, நேர்லயே பேசிக்கலாம்."

"சரிங்க" என்றேன். நான் சண்டை போடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஏரியலைக் கிழக்கே திருப்பினான். ஹெட்போன் ஒன்றுதான், அது அவன் காதில். நான் பக்கத்தில் முக்காலியில். முதல் அழைப்புக்கே ஜப்பான் வந்துவிட்டது. பிறகு ஆஸ்திரேலியா, பிறகு நான் பெயர்கூடக் கேட்டிராத ஒரு தீவு. அவன் அடிப்பதை விரலைப் பார்த்தே படித்துவிடுவேன். அந்தப் பக்கத்திலிருந்து வருவது எனக்குக் கேட்காது. திடீரென்று சிரிப்பான், எதற்கு என்று தெரியாது. நாலு புள்ளி, ரெண்டு புள்ளி அடிப்பான். அது எங்கள் சிரிப்பு, சார். நான் எழுந்து படியிறங்கி வந்ததை அவன் பார்க்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு, காவேரிப் பாலத்தில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவன் செட்டில் ஒரு கண்டென்சர் பழுது. அது நன்றாக இருந்தால் பெரிய வோல்டேஜ் செட்டுக்குள்ளேயே நிற்கும். பழுதானதால், மோர்ஸ் கீயை அழுத்தும்போதெல்லாம் வெளியே ஏரியல் கம்பியிலும் அது ஏறிவிடும், தொட்டால் ஆளைத் தூக்கி எறியும். மாற்று வரும் வரைக்கும் எங்களுக்குள் ஒரு விதி வைத்திருந்தோம். கம்பத்தில் ஏறுகிறவன் மாடி அறையின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, வேட்டி மடியில் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். கட்டை அவன் மடியில் இருக்கும்போது கீழே எவனும் கரண்ட் கொடுக்க முடியாது. சனிக்கிழமை அவன் அப்படித்தான் ஏறி இறங்கினான்.

மறுநாள் சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் மறுபடி ஸ்ரீரங்கம் போனேன். ஞாயிறு காலையில் வேறு எங்கே போவேன், பேசுவதற்குத்தான் கம்பி இல்லையே. அவன் காவேரியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு மாடியில் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு அவன் அப்பாவின் திவசம். அது முடிகிறவரை அவன் மடி. பிறரைத் தொடக்கூடாது, பிறர் கை பட்டதை வாங்கக்கூடாது. ஆனால் கம்பத்தின் உச்சியில் கயிறு உருளையில் சிக்கி, ஏரியல் திரும்ப மறுத்தது. கையால் சட்டத்தைத் தள்ளித்தான் விடுவிக்க வேண்டும்.

"திவசம் பண்ணிவைக்க வாத்யார் வரதுக்குள்ள எடுத்துவிட்டுடறேன். சாயங்காலம் ஒரு பிரேசில்காரன் வரேன்னிருக்கான்" என்றான்.

"நான் ஏறட்டுங்களா?"

"நீர் ஏறினா கம்பம் இப்பவே வைகுண்டம் போயிடும்."

அறைக்குள் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வந்து நீட்டினேன். அவன் ஓர் அடி பின்னால் போனான்.

"நான் மடி, ஓய். நீரே வச்சுண்டிரும்."

கயிற்றில் முதல் நாள் முழுக்க என் கை பட்டிருந்தது. அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அவன் அப்படி விலகியது எனக்கு வருத்தம் என்று எழுதிவிடாதீர்கள். அது அவர்கள் வழக்கம், எனக்குத் தெரியாததா. பழைய கம்பி இருந்திருந்தால் அந்த நேரம் நான் அவனுக்கு 'யு' என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டேன்.

அவன் பாதிக் கம்பம் ஏறியபோது நான் அறைக்குள் போனேன். கட்டையை அதன் இடத்தில் பொருத்தினேன். செட்டைப் போட்டேன். வால்வுகள் சூடாகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மனம் மாறுகிறவனுக்கு அது தாராளமான நேரம். நான் ஜன்னல் வழியாக மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் தலையில் புல் முளைத்திருந்தது.

"ஓய், கட்டை கையிலதானே இருக்கு?" என்று மேலிருந்து கேட்டான்.

"இருக்குங்க."

அவன் கம்பியைப் பிடித்தது சட்டம் அசைந்ததில் தெரிந்தது. நான் கீயில் விரல் வைத்து அவனைக் கூப்பிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான், சார், கூப்பிட்டேன். அவன் குறி மூன்று தடவை, என் குறி ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி. இரண்டாவது எழுத்துக்குள்ளேயே கொல்லையில் கிணற்றடியில் அவன் விழுந்த சத்தம் கேட்டது. மீதியையும் அடித்து முடித்தேன். அழைப்பைப் பாதியில் விடுவது எங்களுக்குள் மரியாதை இல்லை.

பிறகு செட்டை அணைத்துக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு பின்படியாக இறங்கினேன். உயிர் இல்லை. கட்டையை அவன் ஈர வேட்டியின் மடிப்பில் செருகினேன். அவன் மடி கெட்டுவிடுமே என்று ஒரு கணம் தயங்கியது உண்மை. அப்புறம் அவன் மனைவியைக் கூப்பிட்டேன்.

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். எங்கள் விதியை நான் விளக்கிச் சொன்னதும் புரிந்துகொண்டார். ஏறினவர் மடியிலேயே கட்டை இருக்கிறது, ஆகவே கரண்ட் இல்லை, ஈர வேட்டி காலைத் தட்டி விழுந்திருக்கிறார் என்று முடிவு செய்தார். உள்ளங்கையில் இருந்த கருப்புத் தடம் கயிறு உராய்ந்ததாகக் குறிக்கப்பட்டது. அவன் மனைவி வேதவதி அம்மா அதுவரை அழுதுகொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டு, "அவர் மடின்னா" என்றார்.

"ஆமாம்மா, மடியிலதான் இருந்துச்சு. நான்தானே எடுத்தேன்" என்று சப்-இன்ஸ்பெக்டர் ஆதரவாகச் சொன்னார்.

"இல்லை, அவர் மடி."

"அதைத்தாம்மா நானும் எழுதிக்கிறேன்."

சடகோபனுக்குக் கனத்த குரல். நீரே வச்சுண்டிரும் என்று அவன் சொன்னது கீழே அடுக்களை வரை கேட்டிருக்கும். மடியாக இருந்த மனுஷன் என் கை பட்ட கட்டையை எப்படி வாங்கி இடுப்பில் செருகுவார் என்று அந்த அம்மா கேட்கிறார். கட்டை மடியில் இருந்ததை மனைவியும் உறுதி செய்தார் என்று ரிப்போர்ட்டில் ஏறுகிறது. அந்தக் கூட்டத்தில் இரண்டு மடியும் புரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வீட்டில் என் செட்டைப் போட்டு உட்கார்ந்தேன். அவனைக் கூப்பிட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது. அப்படியே உட்கார்ந்திருக்க முடியவில்லை, சார். கீயை இடது கைப்பக்கம் நகர்த்தி, அவன் குறியில் எனக்கு நானே பதில் அடித்தேன். அவன் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுத்து அடிப்பான். பழகாத இடது கையில் அந்த இழுப்பு தானாக வந்தது. அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரியாதைக்கு ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்தேன்.

இப்போது வருஷம் தாண்டிவிட்டது. எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. முன்பைவிட நன்றாகவே பேசுகிறான். என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறான். உயிரோடு இருந்தபோது அவன் அதைக் கேட்டதில்லை. ஜப்பானைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

புகார் கொடுத்தது வேதவதி அம்மாதான் என்கிறீர்கள். மாடி அறையில் தூசி தட்டப் போனவர் ரிசீவரைத் திருகினாராம், புருஷன் கை அடிக்கிற சத்தம் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அவருக்கு மோர்ஸ் எழுத்து தெரியாவிட்டாலும் அந்த இழுப்பு தெரியும், இத்தனை வருஷம் கேட்டவர் இல்லையா. சந்தோஷத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அதைப் போய்ப் புகார் என்று உங்கள் ஆபீசில் யாரோ தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்டது அழைப்புக்குறியைப் பற்றி மட்டும்தான். கொலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் பாதியில் விட எனக்கு மனம் வராது. சடகோபனைக் கொன்றது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

செட்டுக்கு நீங்கள் சீல் வைத்துக்கொள்ளலாம், நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு உபகாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ஆட்களில் யாராவது ஒருவரை ஹெட்போன் போட்டு உட்காரச் சொல்லுங்கள். அவன் கூப்பிட்டு யாரும் பதில் சொல்லாமல் போனால் துடித்துப்போவான். நான் அப்படியில்லை, சார். எனக்குத் தனியாக இருந்து பழக்கம்.