காயும்வரை தொடக் கூடாது

— ஆடாத கண்ணு. பாதி சீப்பு என் கையில இருக்கு. மீதி உன் தலைக்குள்ள எங்கயோதான் இருக்கணும்.

— எங்கயோன்னா?

— காதுக்கு மேல விட்டேன். இப்ப பின்மண்டைப் பக்கம் நகர்ந்திருக்கு.

— அப்பா, காஞ்ச முடியில சீப்பே வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?

— ரெண்டு தடவை. மூணாவது தடவையும் சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்.

— அதுவும் உங்க பாக்கெட் சீப்பை வெச்சு.

— இருவது வருஷமா என்கூட இருந்த சீப்பு. எனக்கு முன்பக்கம் கொட்டினதுலேர்ந்து பாவம் வேலை இல்லாம கெடந்துச்சு. கடைசி காலத்துல ஒரு நல்ல வேலை குடுப்போம்னு பாத்தேன். உசிரை விட்டுடுச்சு.

— கண்ணாடியை எடுங்க.

— அவசரமா?

— எடுங்கப்பா.

— ஒரு பக்கம்தான் இப்படி. அந்தப் பக்கம் திரும்பிப் பாரு, நல்லா இருக்கு. அங்க நான் இன்னும் போகல.

— தொடப்பம் மாதிரி இருக்கு.

— நான் வாயே திறக்கல. நீயாதான் சொன்ன.

— சொல்ல வந்தீங்க. கன்னம் துடிச்சுது, பாத்துட்டேன்.

— சரி, சண்டை வேணாம். அம்மாவோட ஸ்ட்ரெய்ட்னர் எங்க? சர்ருன்னு இழுத்து விட்டுடறேன். நாளைக்கு நீ ஸ்கூலுக்குப் போகணும். சட்டைக்கு இஸ்திரி போடற மாதிரிதானே, அதுகூடவா எனக்குத் தெரியாது?

— அது இல்ல. அம்மா குப்பையில போட்டுட்டாங்க.

— எப்ப?

— கிளம்பிப் போன அன்னிக்கு.

— ரிப்பேரா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பிரிச்சுப் பாத்திருப்பேன். பன்னெண்டு மாடி லிப்ட்டையே ஓட வைக்கறவன் வீட்டுல இருக்கேன்.

— ரிப்பேர் இல்ல. நல்லாதான் இருந்துச்சு.

— நல்லா இருக்கறதை யாராவது தூக்கிப் போடுவாங்களா?

— பாத்ரூமுக்கு வாங்க. அந்த முக்காலியை எடுத்துக்கங்க. கணக்கு நோட்டுக்குள்ள மடிச்சு ஒரு பேப்பர் இருக்கு, அதையும்.

— இதுவா? உங்கம்மா எழுத்துல்ல. நம்பர் போட்டு, கோடு அடிச்சு, பரீட்சைத் தாள் மாதிரி. டீச்சரம்மாவுக்கு லீவுலயும் கை சும்மா இருக்காது. இதை ஏன் இருவது நாளா நோட்டுக்குள்ள வெச்சிருந்த?

— நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன்.

— எதை?

— படிங்க.

— "ஒன்று. முடி முழுவதும் நனைய வேண்டும். மேலே தெளித்தால் போதாது." சரி, குனி. நேத்து போன் பண்ணினாளே, எப்ப வர்றாளாம்?

— தண்ணி சுடுது. கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்துங்க.

— ரெண்டு வாரம் அவ அக்கா வீட்டுல இருந்துட்டு வர்றேன்னா. மூணு வாரம் ஆகப் போகுது. அங்க சாப்பாடு நல்லா இருக்கு போல.

— ரெண்டாவது என்ன?

— "இரண்டு. கண்டிஷனரைத் தாராளமாகத் தடவவும். உச்சந்தலையில் வேண்டாம்." தாராளம்னா ஒரு ஸ்பூனா, ஒரு கரண்டியா?

— கை நெறைய. ம், இன்னும். "மூணு" நானே சொல்றேன். விரலால சிக்கு எடுக்கணும். நுனியிலேர்ந்து ஆரம்பிச்சு மேல வரணும். மேலேர்ந்து இழுத்தா அறுந்துடும்.

— அட, இது எங்க தொழில்தான். கன்ட்ரோல் பெட்டிக்குள்ள ஒயர் சிக்கினா அப்படித்தான் பிரிப்போம். இழுத்தா போச்சு.

— தெரிஞ்சுமா இழுத்தீங்க?

— ஒயரை இழுத்தா மேஸ்திரி திட்டுவாரு. தலையை இழுத்தா திட்ட யாரும் இல்லையே.

— நான் இருக்கேன்.

— அதான் மூணு வாரமா பாக்கறேனே.

— மெதுவா. பரவால்ல, இது மெதுவாதான் இருக்கு.

— நான் ஒண்ணும் சும்மா உக்காந்திருக்கல. வியாழக்கிழமை ஒரு பார்லர் அம்மா லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. கதவு திறக்கற வரைக்கும் பயப்படாம இருக்க ஏதாவது பேச்சு குடுக்கணும்ல. எங்க வீட்டுப் பொண்ணுக்குச் சுருட்டை முடி, என்ன பண்றதுன்னு வெளியேர்ந்து கத்திக் கேட்டேன். உள்ளேர்ந்து ஒரே பாடம். சுருட்டை முடி தண்ணி குடிக்கற முடியாம். தினம் ஷாம்பு போட்டா வறண்டு போயிடுமாம். துண்டை வெச்சுத் தேய்க்கறதும், பாக்கறவங்க ஆளுக்கொண்ணு சொல்றதும்தான் அதைக் கெடுக்குதாம். கதவைத் திறந்தப்புறமும் அவங்க வெளிய வரல.

— நல்ல அம்மா.

— கடைசியில, இது யாரு வழின்னு கேட்டாங்க. தெரியலைங்க, எனக்கு முடியே இல்ல, வீட்டுல அவளுக்கு நேர் முடின்னு சொன்னேன்.

— அம்மாவுக்குச் சுருட்டை முடிப்பா.

— அது கல்யாணத்தப்போ. அப்புறம் மாறிடுச்சு.

— தானா மாறுமா? தினமும் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து இழுத்து இழுத்து நேராக்குவாங்க. எனக்கும் ஏழு வயசுலேர்ந்து. கருகற வாசனை வரும். நீங்க அப்பெல்லாம் குறட்டை.

— எதுக்கு அவ்வளவு பாடு? நான் கேட்டேனா?

— கல்யாணம் ஆன முதல் வாரம் பெரியப்பா வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களாம். அம்மா தலைக்குக் குளிச்சுட்டு முடியை விரிச்சுப் போட்டுட்டு வந்தாங்களாம். நீங்க என்ன சொன்னீங்க?

— பதினாலு வருஷம் ஆச்சு கண்ணு.

— பாத்ரூம் கழுவற பிரஷ்ஷைக் காணோம்னு தேடினேன், இங்க இருக்கான்னு கேட்டீங்களாம்.

— அது ஜோக். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா.

— அம்மா சிரிச்சதை நீங்க நல்லா பாத்தீங்களா?

— இரு. விரல்ல என்னமோ தட்டுது. ஆடாத. வந்துட்டான் பாரு, மீதி சீப்பு. மூணு பல்லு போயிருக்கு, மத்தபடி சொகமா இருக்கான்.

— அதைப் போடுங்க. நாலு.

— "நான்கு. ஆறிய தண்ணீரில் அலசவும். ஐந்து. ஈரம் சொட்டும்போதே ஜெல் தடவவும். ஆறு. முடியை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கி மெல்ல அமுக்கி விடவும்." இப்படியா?

— பிசையாதீங்க. ஏந்துங்க.

— ஏந்தறேன். கண்ணு, இது தானா சுருளுது. இழுத்த ஸ்பிரிங்கை விட்ட மாதிரி. இங்க பாரு.

— தெரியும். மேல மட்டும்தான். கீழ பாதி நேராவே தொங்கும், சூடு பட்ட முடி அது. "ஏழு" பழைய பனியன் துணியால ஒத்தி எடுக்கணும். எட்டைப் படிங்க.

— "எட்டு. காயும்வரை தொடக் கூடாது. கேலியும் கூடாது." இது எனக்குன்னே எழுதினதா?

— வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?

— நியாயம்தான். நான் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறேன். எவ்வளவு நேரத்துல காயும்?

— மூணு மணி நேரம்.

— மூணு மணி நேரமா? அதுக்கு என்னை லிப்ட்டுக்குள்ளயே போட்டுப் பூட்டிடலாம்.

— அப்பா, அம்மா போன அன்னிக்கு அவங்க முடி எப்படி இருந்துச்சு?

— முடியா? காலையில டிபன் டப்பா குடுத்தா. பாத்துப் போங்கன்னா. முடி கொஞ்சம் அலை அலையா, கழுத்து வரைக்கும். தலைக்குக் குளிச்சிருப்பா, இன்னும் காயலன்னு நெனச்சேன்.

— முந்தின நாளே குளிச்சாச்சு. நேரா இருந்த பாதியை அவங்களே வெட்டிட்டாங்க. காஞ்ச முடிதான் அது.

— நான் ஒண்ணும் கேலி பண்ணலையே அன்னிக்கு.

— ஒண்ணுமே சொல்லல. டப்பாவை வாங்கிட்டு, சாம்பார் கொட்டாம மூடினியான்னு கேட்டுட்டுப் போயிட்டீங்க.

— ஆமா. கொட்டலை அன்னிக்கு.

— ஒம்போது இருக்கு இன்னும்.

— "ஒன்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியை ஓர் அங்குலம் வெட்டவும். பழைய நேர் முடி முழுவதும் போக ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை தலை இரண்டு விதமாகத்தான் தெரியும். அப்பா அவசரப்பட்டு ஒரேயடியாக வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்." ஒன்றரை வருஷமா?

— ம்.

— ரெண்டு வாரத்துல வர்றவ ஒன்றரை வருஷத்துக்கு எதுக்கு எழுதணும்? டீச்சர்ங்க அப்படித்தான், முழு வருஷப் பாடத்தையும் முதல் நாளே எழுதிடுவாங்க. நான் ஏன் வெட்டணும், வந்து அவளே வெட்டட்டும். அந்தப் பேப்பரை இப்படிக் குடு, ஈரம் ஆகுது. எழுத்து கலைஞ்சுடும்.

— கலையட்டும். எனக்கு மனப்பாடம்.

— மனப்பாடமா?

— துண்டால தேய்க்காதீங்க, ஏழாம் நம்பர்.

— தேய்க்கல. துண்டைக் கீழ வெச்சுட்டேன். கண்ணு, ஒண்ணு கேக்கறேன். ஜோக் இல்ல.

— கேளுங்க.

— அம்மா வருவாளா?

— வரமாட்டாங்கப்பா. அன்னிக்கு எனக்கும் சேத்துதான் பை எடுத்து வெச்சாங்க, வாசல் வரைக்கும் போயிட்டு நான்தான் வரலைன்னுட்டேன். அப்புறம்தான் செருப்புக் காலோட திரும்பி வந்து உக்காந்து, இந்தப் பேப்பரை எழுதினாங்க.