வேலிக்கு அந்தப் பக்கம்

தேவாலயப் பாடகர் குழுவின் அங்கிகளை வெளுத்துத் தர நாங்கள் ஒருநாளும் காசு வாங்கியதில்லை. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. என்னைப் பற்றி எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். என் பெயர் வெர்னா ஷ்ராக். இந்தியானாவில் எங்கள் சின்ன ஊருக்கு எங்களுடையது ஒன்றுதான் ட்ரைகிளீனிங் கடை. கடைக்குப் பின்னால் வீடு, நான் பிறந்த வீடு.

கறை எடுக்கும் திரவத்தைத் தொழிலில் பெர்க் என்போம். உபயோகித்து முடித்ததை அப்பா கொல்லையில் ஊற்றுவார். அந்தக் காலத்தில் எல்லாக் கடைக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள், யாரும் தப்பென்று சொன்னதில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து அரசாங்க ஆட்கள் வந்து மண்ணைத் துளைத்துப் பார்த்தார்கள். மண் முழுக்க விஷம், நீதான் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். கடையையும் வீட்டையும் விற்றாலும் பாதிச் செலவுக்குக் காணாது. அன்று பிடித்தது பயம். தபால் வண்டியின் சத்தம் கேட்டால், அரசாங்கக் கடிதமாக இருக்குமோ என்று பெட்டியைத் திறக்கவே மாட்டேன். வீட்டை விட்டு இறக்கிவிட்டால் எங்கே போவேன் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

வக்கீல் எனக்கு ஹாஸ்கல் என்பவரை அனுப்பினார். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைத் தேடிப் பிடிப்பதுதான் அவர் பிழைப்பு. எழுபதுகளில் அப்பா எடுத்த பாலிசியின் நகல் ஒன்று, கடன் கொடுத்த வங்கியின் கிடங்கில் அவருக்குக் கிடைத்தது. காலாவதியான குப்பை என்று நினைத்தேன்.

“இதுக்குச் சாவே கிடையாது மேடம்,” என்றார் ஹாஸ்கல். “அந்த வருஷத்துல ஊத்துனது இன்னைக்கு எதைக் கெடுத்தாலும் அவங்க குடுத்துத்தான் ஆகணும். இப்ப போடுற பாலிசியில இதையெல்லாம் உஷாரா வெட்டிட்டாங்க.”

நான் அழுதுவிட்டேன். நான் அழுது முடித்ததும் அவரே தொடர்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. இது அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்குத்தான். உங்க மண்ணு கெட்டா அது உங்க பாடு. விஷம் வேலியத் தாண்டியிருந்தாத்தான் பணம் வரும். தாண்டியிருக்கா?”

தாண்டவில்லை. கொல்லைக்கு அடியில் கெட்டியான களிமண், அது அத்தனையையும் பிடித்து வைத்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மார்சி வீட்டுக் கிணறு. அந்தத் தண்ணீரைச் சோதித்துவிட்டு, சொட்டு விஷம் இல்லை, நல்ல செய்தி என்றார் அதிகாரி.

நிதானமாக யோசித்தேன். களிமண் என்றைக்காவது விரிசல் விடத்தான் போகிறது. அன்றைக்கு நானும் இருக்க மாட்டேன், சுத்தம் செய்யப் பணமும் இருக்காது. இப்போதே தாண்டினால் இன்சூரன்ஸ் பணத்தில் இரண்டு நிலமும் சுத்தமாகும், மார்சிக்கு ஊர்க்குழாய் இணைப்பும் கிடைக்கும். எப்படியும் நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டி நடத்தினேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்தில் இருந்தபோது கிணற்று மூடியைக் கழற்றி ஒரு டப்பா பெர்க்கை ஊற்றினேன். காலணியிலும் கொஞ்சம் சிந்திவிட்டது. பிறகு, எங்கள் பக்கம் ஏதோ வாடை வருகிறது, கிணற்றை மறுபடி பாருங்கள் என்று அதிகாரிக்குச் சொன்னேன். ஆள் வரச் சில நாள் ஆகும் என்றார்கள்.

அந்த வாரம் மார்சி என்னை வேலியோரம் பிடித்துக்கொண்டாள்.

“ஓடாதீங்க வெர்னா, காபி போட்டுட்டேன். மூஞ்சியெல்லாம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. கவர்மெண்ட்காரனுக்குப் பயந்தே செத்துருவீங்க போல.”

உள்ளே போனேன். கோப்பையை நீட்டினாள். குடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பாள். குடித்தேன். லேசான இனிப்பு வாடை இருந்தது, தொழிலில் இல்லாதவர்களுக்குத் தெரியாது. அவள் பால்புட்டியில் பவுடரைப் போட்டு, கிணற்றுத் தண்ணீர் வரும் குழாயைத் திறந்தாள். இடுப்பில் எமெட், இன்னும் தவழ ஆரம்பிக்காத குழந்தை.

“ரெண்டு நாளா பாலே குடிக்க மாட்டேங்குறான். எந்நேரமும் தூக்கம். என்னவா இருக்கும்?”

“பல்லு முளைக்குதோ என்னவோ,” என்றேன்.

வாயைத் திறந்திருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும். யாரும் குடிக்காத கிணற்றுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பார்கள்? ஆய்வுக்கு ஆள் வரும்வரை அவர்கள் அந்தத் தண்ணீரைப் புழங்கியாக வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை எமெட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள். உயிரோடு திரும்பக் கொண்டுவரவில்லை.

பெர்க் கெடாமலிருக்க அதில் ஒரு மருந்து கலப்பார்கள். அப்பா காலத்து மருந்து வேறு, இன்றையது வேறு. கிணற்றிலிருந்தது இன்றையது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் தொழிலில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அப்பா வைத்துவிட்டுப் போன டப்பா ஒன்றும் கொட்டகையில் இருந்தது. துருப்பிடித்து ஒரே அழுக்கு. குடிக்கிற தண்ணீரில் போய் அதை ஊற்றுவதா என்று புதியதை எடுத்துப் போனேன்.

தெரிந்தே செய்த கெடுதலுக்குப் பாலிசியில் பணம் கிடையாதாம். தெரிந்தே செய்தீர்களா என்றுதான் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலும் கேட்டார், வாக்குமூலம் எழுதும் நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். யாருக்கும் கெடுதல் வரும் என்று எனக்குத் தெரியாது. அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கெடுதல் நினைக்கிற மனசு எனக்கு இல்லை. சந்தேகமிருந்தால் மார்சியின் நாயைப் போய்ப் பாருங்கள். அது கிணற்றடித் தொட்டியில்தான் தண்ணீர் குடிக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மூடியில் கை வைப்பதற்கு முன்பே அதை அவிழ்த்து என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். காலில் அடிபட்டிருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மார்சியிடம் சொன்னேன். வாயில்லா ஜீவன், அது என்ன பாவம் செய்தது.